மெழுகிய தரையும் தூய்மை என்னும் கேள்வியும்

பசுஞ்சாணத்தைத் தண்ணீரில் கரைத்து மண்தரையை மெழுகுவது தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவரும் துப்புரவு முறை. சமவெளி ஊர்களில் சிமென்டும் ஓடும் பளிங்கும் வந்து அது பெரும்பாலும் வாசல் தெளிப்பதோடு நின்றுவிட்டது. ஜவ்வாது மலையின் பழைய மண்வீடுகளில் அது இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. பார்வைக்கு எளிய வேலை. ஆனால் அதற்குள் சமயச் சிந்தனையின் கடினமான கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது: ஒரு விலங்கின் கழிவைப் பூசினால் ஓர் இடம் தூய்மையாகிறது என்றால், தூய்மை என்று எதைச் சொல்கிறோம்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் முக்கிய ஊர். மலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். பெயர் அப்படி இருந்தாலும் இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை; தாய்மொழி தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. ஆனாலும் இவர்களின் பழைய வீடுகளில் மரம் தூணாகவும் விட்டமாகவும் நின்றதே தவிர, தரையாகவில்லை. கூரை புல், சுவர் மூங்கில் தட்டியும் மண்ணும், தரை அடித்துக் கெட்டித்த மண். மண்தரைக்கு உரிய பராமரிப்பு மெழுகுதல்.

வேலை பெருக்குவதில் தொடங்குகிறது. பெயர்ந்த இடங்களிலும் எலிவளைகளிலும் ஈரமண்ணை அடைத்துத் தட்டிவிடுவார்கள். அன்று போட்ட சாணத்தை எடுத்து வைக்கோல் துரும்பு, கல் நீக்கி, கூழ்ப் பதத்துக்குக் கரைப்பார்கள். கருமை வேண்டுமென்றால் பொடித்த அடுப்புக்கரி சேரும். பிறகு உள்மூலையில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து, கை எட்டும் தூரத்துக்கு அரைவட்டமாக வழித்துக்கொண்டே பின்னோக்கி நகர்ந்து வாசற்படிக்கு வர வேண்டும். ஒரு வீச்சின் விளிம்பு அடுத்த வீச்சோடு சேருமிடத்தில் மெல்லிய வரம்பு தெரியும்; கை பழகியவர் மெழுகினால் அந்த வரம்புகள் மீன்செதில் போல ஒழுங்காக அமையும். காயும்வரை யாரும் மிதிக்கக் கூடாது. காய்ந்தபின் பச்சை வாடை போய், புல்லின் மணம் மட்டும் மெலிதாகத் தங்கும்.

இதனால் தரைக்குக் கிடைக்கும் பயன் தெளிவானது. மாடு தின்ற புல்லில் செரிக்காத நார்கள் சாணத்தில் மிஞ்சுகின்றன. அவை மண்துகள்களைப் பிணைத்துப் பிடிக்கின்றன. புழுதி கிளம்புவதில்லை, நுண்ணிய வெடிப்புகள் அடைபடுகின்றன, பாய் விரித்துப் படுக்க வழவழப்பான பரப்பு கிடைக்கிறது. ஆக, மெழுகுதல் துடைப்பது மட்டுமன்று. தரையின் மேற்பரப்பையே புதிதாகப் போடும் வேலை அது.

கிருமிநாசினி என்ற சொல் இந்த இடத்தில்தான் நுழைகிறது. சாணம் நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்று மேடைகளில் பேசப்படுகிறது. உண்மை வேறு. பசுஞ்சாணம் எண்ணற்ற நுண்ணுயிர்கள் வாழும் பொருள். இரணஜன்னியை உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் கால்நடைக் கழிவிலும் மண்ணிலும் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் பூசும் வழக்கம் பல நாடுகளில் உயிர்களைப் பறித்திருக்கிறது. தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் பரவிய பிறகே, 2015இல், தாய்சேய் இரணஜன்னி ஒழிக்கப்பட்ட நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. சாணத் தரை புழுதியை அடக்கும். புண்ணுக்கு அது மருந்தாகாது. ஒரு சமய வழக்கத்துக்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வாங்கித்தர முயல்கிறவர்கள் அறிவியலைத் திரிப்பதோடு அந்த வழக்கத்தையும் சிறுமைப்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்லத்தான் மெழுகுகிறோம் என்றால் பினாயில் வந்த அன்றே மெழுகுதல் முடிந்திருக்க வேண்டும். அப்படி முடியவில்லை என்பதே அதற்கு வேறொரு பொருள் உண்டு என்பதைக் காட்டுகிறது.

அந்தப் பொருளை முதலில் களத்தில் பார்க்கலாம். ஜவ்வாது மலையின் முதன்மைத் தானியம் சாமை. கடுகளவே உள்ள சிறு மணி. வெறும் மண்ணில் அடித்தால் பாதி மண்ணோடு போகும். மீதியில் மண் கலக்கும். ஆகவே களத்தைச் சாணத்தால் மெழுகிக் காயவிட்டு, அதன்மேல் கதிரைப் பரப்புவார்கள். மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் சாணம் பூசி, அவற்றிலேயே தானியத்தைப் புடைத்தும் சேர்த்தும் வைப்பார்கள். சாணம் அழுக்கு என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் உண்ணும் பொருளை அதன்மேல் கொட்ட மனம் வராது. இதே சாணம் மார்கழிக் காலையில் உருண்டையாகப் பிடிக்கப்பட்டு, பூசணிப்பூ சூடிக் கோலத்தின் நடுவில் பிள்ளையாராக அமர்கிறது. பிடித்துவைத்தால் பிள்ளையார், வழித்தெறிந்தால் சாணி என்று ஊர்வழக்கில் சொல்வார்கள். பொருளில் தெய்வமும் இல்லை, அழுக்கும் இல்லை. கை அதை என்ன செய்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பதை உழவர் வழக்கு எப்போதோ தெளிந்துவைத்திருக்கிறது.

வடமொழி நூல்கள் வேறு வழியில் இதே இடத்துக்கு வருகின்றன. நிலத்தைத் தூய்மை செய்ய மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் ஐந்து வழிகள் சொல்கிறது: பெருக்குதல், மெழுகுதல், நீர் தெளித்தல், மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தல், பசுக்களைத் தங்கவைத்தல். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தில் ஒரு கதை வருகிறது. தங்களோடு வாழ இடம் கேட்ட திருமகளைப் பசுக்கள் முதலில் மறுக்கின்றன. அவள் மன்றாடியபின் தங்கள் சாணத்திலும் சிறுநீரிலும் இடம் தருகின்றன. இகழ்ச்சிக்குரிய இடமே தனக்குப் போதும் என்று செல்வத்தின் தெய்வம் மகிழ்ந்து ஏற்கிறாள். பசுவின் உயர்வைச் சொல்ல எழுந்த கதைதான். ஆயினும் அதன் ஆழம் பசுவோடு முடிவதில்லை: உயர்வும் இழிவும் பொருளின் இயல்பில் எழுதப்பட்டவை அல்ல என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

மானிடவியல் இக்கேள்வியை 20ஆம் நூற்றாண்டில் கையில் எடுத்தது. மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட ‘தூய்மையும் ஆபத்தும்’ என்ற நூல், இடம் மாறிக் கிடக்கும் பொருளே அழுக்கு என்ற கருத்தை விரித்தது. செருப்பு வாசலில் இருந்தால் செருப்பு. சோற்றுப் பானையின் அருகே இருந்தால் அழுக்கு. அதே ஆண்டில் வந்த லூயி துய்மோனின் நூல், சாதி அடுக்கு தூய்மை–தீட்டு என்ற எதிர்நிலையின்மேல் நிற்பதாக வாதிட்டது. துய்மோன் அதற்கு முன் தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கிக் கள ஆய்வு செய்தவர். இருவரின் கருத்துகளும் பின்னாளில் கடுமையாக விமரிசிக்கப்பட்டன. ஆனால் அவர்கள் பிரித்துக் காட்டிய இரண்டு பொருள்களை இனிக் கலக்க முடியாது: அழுக்கு ஒன்று, தீட்டு வேறு.

அழுக்கு கண்ணுக்குத் தெரியும், துடைத்தால் போகும். ஜவ்வாது மலையிலேயே அதைக் காட்டும் ஓர் இடம் உண்டு. காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் கண்ணாடியில் தூசு படிந்தால் வரும் ஒளி குறையும்; குறைந்த ஒளியை அளக்கலாம், தூசை நீக்கலாம். யார் நீக்கினார், எந்தக் கிழமையில் நீக்கினார் என்பது அங்கே கேள்வியே அல்ல.

தீட்டு கண்ணுக்குத் தெரியாது. அது நிகழ்ச்சியிலிருந்து பிறக்கிறது: ஒரு சாவு, ஒரு பிறப்பு, மாதவிலக்கு. பிணம் எடுத்த வீட்டைக் கழுவி மெழுகுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். அந்த வீடு முந்தைய நாள் பளிச்சென்று இருந்திருக்கலாம். அப்படியும் மெழுகுகிறார்கள், ஏனெனில் அங்கே நடந்தது பெரிது. இறப்புக்குப் பிறகு வீட்டின் தரையைப் புதுப்பிப்பதில் ஆழ்ந்த மனித நியாயம் இருக்கிறது. துயரத்துக்கு ஓர் எல்லை வகுத்து, இருப்பவர்கள் மறுபடி அடுப்பு மூட்டலாம் என்று அது அனுமதி தருகிறது. இந்தப் பொருளில் தீட்டு என்பது காலத்தின் குறி. அது வரும், போகும். அதே சொல் பெண்ணை மாதந்தோறும் விலக்கு நாட்களுக்கான முட்டுவீட்டுக்கு அனுப்பும்போதும், ஒரு மனிதரை வாழ்நாள் முழுதும் தெருவுக்கு வெளியே நிறுத்தும்போதும் அந்த நியாயம் அற்றுப்போகிறது. போகாத தீட்டு என்று ஒன்றை வகுத்தது சமயச் சிந்தனையின் பெரும் பிழை.

தமிழ்ச் சைவம் தன் தொடக்கத்திலேயே இதற்கு மறுமொழி வைத்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் திருவதிகை வீரட்டானத்தில் திலகவதியார் செய்த தொண்டைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிக்கிறார். பெற்றோரை இழந்து, மணம் பேசிய வீரர் போரில் மாண்டபின், தம்பி ஒருவருக்காகவே உயிர் தாங்கியவர் அவர். அத்தம்பியும் சமணம் புகுந்துவிட, அவர் திருவதிகைக்கு வந்து சேர்கிறார். அங்கே அவருடைய வழிபாடு வேள்வியும் அன்று, நூலோதுதலும் அன்று. விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டுப் பெருக்குகிறார், சாணத்தால் மெழுகுகிறார், பூக்கொய்து மாலை தொடுக்கிறார். சூலைநோயால் துடித்துத் திரும்பிவந்த தம்பிக்குத் திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துச் செல்வது, அலகும் மெழுக்குத் தோண்டியும் கையில் எடுத்துப் புறப்படும் அந்த வைகறையில்தான். அந்தத் தம்பியே அப்பர் என்னும் திருநாவுக்கரசர். பின்னாளில் அவர் கையில் உழவாரப்படை வந்தது. கோயில் முற்றங்களில் புல் செதுக்கினார். கோயிலைப் பெருக்குவோர் பெறும் பேற்றைவிட மெழுகுவோர் பெறுவது பத்து மடங்கு என்று அவருடைய தேவாரம் கணக்குச் சொல்கிறது. நிலைபேறு வேண்டுமானால் பொழுது புலருமுன் சென்று அலகிடு, மெழுகு என்று தன் நெஞ்சுக்கே கட்டளையிடும் பதிகமும் அவருடையதே.

இதன் கனத்தை உணர வேண்டும். தரை தூய்மையானதால் அது கடவுளுக்கு உரிய இடமாகிறது என்று அப்பர் சொல்லவில்லை. குனிந்து செய்யும் அந்த வேலையே வழிபாடு என்கிறார். தூய்மை என்பது ஓர் இடத்தின் நிலை என்பதிலிருந்து ஒரு மனிதரின் செயல் என்பதற்கு மாறிவிடுகிறது. சோழர் காலத்தில் இதற்குப் பொருளாதார அடித்தளமும் அமைந்தது. கோயிலை மெழுகும் பணிக்காக விடப்பட்ட நிலம் திருமெழுக்குப்புறம் என்று கல்வெட்டுகளில் பெயர் பெற்றது. விளக்குக்கும் அமுதுக்கும் நிவந்தம் விட்டது போலவே தரை மெழுகவும் நிவந்தம் விட்டிருக்கிறார்கள்.

இந்த மரபு இருந்த அதே மண்ணில்தான், துப்புரவு செய்யும் சாதிகள் தீண்டத்தகாதவை ஆக்கப்பட்டன. பெருக்குவது தொண்டு, ஆனால் பிறப்பால் பெருக்குகிறவர் தீட்டு. இந்த முரண்பாட்டுக்கு எந்தச் சமய நூலும் நேர்மையான விடை தரவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு வந்தவர்களும் நீர் அருந்தினர். பின்னர் சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் சேர்ந்த கலவையைக் குளத்தில் ஊற்றி அதைச் ‘சுத்தம்’ செய்தனர். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றார். அதன்பின் சுத்திச் சடங்கு நடக்காமல் பூசை செய்ய மாட்டோம் என்று பட்டர்கள் சிலர் மறுத்து நின்றனர். ஆடுமாடு குடித்த மகாட் குளம் மனிதர் குடித்ததும் தீட்டாயிற்று. திலகவதியார் கோயிலை மெழுகிய அதே சாணம், மகாட்டில் மனிதரை இழிவுபடுத்தும் கருவியாயிற்று.

ஜவ்வாது மலை இந்த வாதத்தில் பொருட்படுத்த வேண்டிய இடம். மலையூர்களில் பெரும்பாலும் ஒரே சமூகத்தார் வாழ்வதால், தரையைப் பேணுவது அந்தந்த வீட்டாரின் வேலையாகவே இருக்கிறது. மெழுகிய கையே சாமைக் களியைக் கிண்டுகிறது, அம்மனுக்குப் பொங்கலும் வைக்கிறது. துப்புரவை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுத் தூய்மையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஏற்பாடு சமயத்துக்கு இன்றியமையாதது அன்று என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

தமிழ்ச் சிந்தனை மரபில் இன்னும் கூர்மையான குரல்கள் உண்டு. உடலின் தூய்மைக்கு நீரையும் உள்ளத்தின் தூய்மைக்கு வாய்மையையும் வைத்தார் வள்ளுவர். அதைச் சொன்ன இடம் துறவு பற்றிய பகுதியில் உள்ள வாய்மை அதிகாரம். தீட்டு என்று ஒதுக்கும் உதிரத்திலிருந்தே எல்லா உடலும் உருவாகிறதே, பிறகு தீட்டில்லாதவர் யார் என்று கேட்டவர் சிவவாக்கியர். இவர்கள் துப்புரவை மறுக்கவில்லை. துப்புரவின் பெயரால் எழுப்பிய வேலியை மறுத்தார்கள்.

சமணம் வேறொரு கோணத்திலிருந்து கேள்வி எழுப்புகிறது. மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டிய போளூர் வட்டாரத்தில் திருமலை இருக்கிறது. நேமிநாதரின் பெருஞ்சிலை நிற்கும் சமணத் தலம். ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர்கள் இன்றும் வாழ்கிறார்கள். திகம்பரத் துறவி உட்காரும் முன் மயிற்பீலியால் தரையை மெல்ல வருடிச் சிற்றுயிர்களை ஒதுக்குகிறார். அங்கே பெருக்குவது இடத்தைத் தனக்கு ஏற்றதாக ஆக்குவதற்கன்று. அங்கே ஏற்கெனவே வாழும் உயிர்களைக் காப்பதற்கு. தரை நமக்கு மட்டும் உரியதா என்ற இந்தக் கேள்வி, கொதிநீரும் அமிலமும் ஊற்றித் தரை கழுவும் இக்காலத்தில் முன்னைவிடக் கனமாகிறது. பல்லியும் எறும்பும் மண்டிய வீட்டில் அதை முழுதாகக் கடைப்பிடிக்க இல்லறத்தாரால் ஆகாது. ஆனால் கேள்வியைத் தள்ளிவிடவும் ஆகாது.

பௌத்தக் கதைகளில் சூளபந்தகர் வருகிறார். ஒரு பாட்டைக்கூட மனப்பாடம் செய்ய முடியாத பிக்கு அவர். புத்தர் அவர் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குக என்ற பொருள்பட ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே தேய்க்கச் சொல்கிறார். துணி கறுக்கக் கறுக்க, நிலையாமை அவருக்குப் புரிகிறது. கிழக்காசியாவில் பௌத்தம் துப்புரவையே துறவியின் அன்றாடப் பயிற்சியாக்கியது. ஜப்பானில் தோகென் என்ற துறவி 1244இல் நிறுவிய எய்ஹெய்ஜி மடத்தில் இன்றும் துறவிகள் மரத்தாழ்வாரங்களை ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஜப்பானியர் மரத்தரைக்கு மெருகேற்ற அரிசித் தவிட்டைத் துணிப்பையில் கட்டித் தேய்ப்பதுண்டு. தவிட்டில் உள்ள எண்ணெய் மரத்தில் ஊறும். இசுலாத்தில் தொழுகைக்கு முன் நீரால் உடல் கழுவுவது கடமை. நீர் இல்லாதபோது தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் தயம்மும் அனுமதிக்கப்படுகிறது. மண்ணே தூய்மை தரும் என்ற இந்த நெறியை, மண்தரையில் வாழும் மலைமக்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

மலையில் தரை மாறிவருகிறது. அரசு கட்டித்தரும் வீடுகளில் தரை சிமென்ட். சிமென்டின்மேல் சாணம் பிடிக்காது. காய்ந்ததும் செதிலாகப் பெயரும். அந்த வீடுகளில் மஞ்சள் கலந்த நீரோ, உப்புநீரோ, கடையில் வாங்கிய திரவமோ போதும். மரத்தரை போட்ட விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் வேறு முறை வேண்டும். மரம் நீரைக் குடித்தால் உப்பும். பெருக்கியபின் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுவது ஏற்றது. புளியும் எலுமிச்சையும் பித்தளைக்கு நல்லவை. மரத்தின் மெருகை அவற்றின் அமிலம் மங்கச் செய்யும். தேங்காயெண்ணெய் இறுகாமல் பிசுபிசுப்பாக நின்று தூசைப் பிடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டு இறுகிவிடும் என்பதால் மெருகிடாத மரத்துக்கு அதைப் பூசுவர். சாணம் இல்லாமல் போனதால் சமய அளவில் எதுவும் குறைந்துவிடவில்லை. அப்பரின் கணக்கில் எடை போடப்பட்டது உழைப்பு. கரைசல் எது என்பது தரையைப் பொறுத்தது.

குறைவு வேறோரிடத்தில் இருக்கிறது. மலையிலும் சமவெளியிலும் தரையைப் பேணும் வேலை முழுக்கப் பெண்களின்மேல் விழுந்திருக்கிறது. முதுகு வலிக்கக் குந்தி மெழுகியவர்களும் அவர்களே. விலக்கு நாட்களில் அதே தரையிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவர்களும் அவர்களே. திருவதிகையில் அக்கா ஏந்திய அலகையும் மெழுக்கையும் அப்பர் நெஞ்சுக்குக் கடமையாக்கிப் பாடினார். முதுமையிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. அவரைப் போற்றும் ஆண்கள் கோயிலில் ஒருநாள் உழவாரப்பணி செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், தங்கள் வீட்டுத் தரையையும் நாள்தோறும் துடைக்க வேண்டும்.